ஆண்டியைப் பார்த்தா ஆண்டி ஆயிடுவோமா?

ஓம் சரவணபவ!

நம்மள்ல நிறைய பேருக்கு மனசுக்குள்ள ஒரு பயம் இருக்கு. பழநியில ஆண்டிக் கோலத்துல முருகனைப் பார்த்தா கையில இருக்கிறதெல்லாம் போயிடும், ராஜ அலங்காரத்துல பார்த்தாதான் நல்லதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. "வீட்டுல ஆண்டி படம் வைக்காதே"ன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கும். கூட்டமும் சாயரட்சை நேரத்துக்காகக் காத்திருக்கும்.

இந்தப் பயத்துக்கு எனக்குப் பதில் கிடைச்சது கோயில்ல இல்ல, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல!

தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, திண்டுக்கல்லேர்ந்து பழநிக்கு நண்பர் ஒருத்தரோட பாதயாத்திரை போனேன். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் கிட்டத்தட்ட நடுவுல இருக்கு. நண்பரும் என்னை மாதிரி சாஃப்ட்வேர்தான். ஆறு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில, பதினைஞ்சு நிமிஷ வீடியோ காலில் "இன்னைக்குத்தான் கடைசி நாள்"னு சொல்லிட்டாங்க. வீட்டுக் கடன் இருக்கு, கைக்குழந்தை இருக்கு. கிளம்பும்போதே தெளிவா சொல்லிட்டார்: "நான் ராஜ அலங்காரம் மட்டும்தான் பார்ப்பேன். ஆண்டியைப் பார்க்கிற நிலைமையில நான் இல்ல."

சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க நடந்தோம். விடியும்போது இடது பக்கம் கொடைக்கானல் மலை பனிக்குள்ளேர்ந்து மெதுவா வெளியே வந்துச்சு. ரோட்டோரம் முருங்கைத் தோட்டம், மக்காச்சோளம், தென்னை. பச்சை வேட்டி கட்டின கூட்டம் முன்னாடியும் பின்னாடியும். "அரோகரா" சத்தம் கேட்டா, வலிக்கிற கால் தானா ரெண்டு அடி எடுத்து வைக்கும். நடந்தவங்களுக்கு இது தெரியும்.

ஒட்டன்சத்திரம் பெரிய சந்தை ஊர். சுத்துப்பட்டு கிராமத்துக் காய் எல்லாம் இங்க வந்து, பெரும்பங்கு லாரி ஏறி கேரளாவுக்குப் போகும். நாங்க போன நேரம் மண்டியில தக்காளி ஏலம் நடந்துட்டு இருந்துச்சு. பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருந்தாங்க. ஒரு பெரியவர் தன் வண்டியிலேர்ந்து பெட்டிகளை இறக்கிட்டு, ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வச்சார். "இது அன்னதானப் பந்தலுக்கு சாமி. ஏலத்துக்கு முன்னாடியே முருகனுக்கு ஒதுக்கிடுவேன்"னார்.

கொஞ்ச நேரத்துல அவர் சரக்கு ஏலம் போச்சு. முந்தா நாள் போன விலையில பாதிதான். வரத்து ஜாஸ்தியாம், லாரி கம்மியாம்.

நண்பர் கேட்டார்: "அய்யா, கஷ்டமா இல்லையா?"

"கஷ்டம்தான் சாமி. இல்லேன்னா பொய். நாத்து நட்டு ரெண்டு மாசத்துக்கு மேல காத்திருந்து பறிச்சது. ஆனா விலை குறைஞ்சது மார்க்கெட்ல. என் தக்காளியில என்ன குறைஞ்சுது, நீங்களே பாருங்க." ஒரு பழத்தைத் துடைச்சு நண்பர் கையில கொடுத்தார்.

அவர் ஒதுக்கின பெட்டியை நாங்களே பந்தலுக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க மத்தியானம் ரசம் ஊத்தினாங்க. அதே தக்காளிதான். பாதி விலைக்குப் போன தக்காளின்னு ரசத்துல பாதி ருசியா இருக்கும்? ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சோம்.

இப்ப பழநிக் கதையை யோசிச்சுப் பாருங்க. ஞானப்பழத்துக்காக உலகத்தைச் சுத்தி வரச் சொன்னாங்க. முருகன் மயில்ல ஏறி நிஜமாவே சுத்தி வந்தார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார். அது அவரோட ஞானம், அதுல குறையே இல்ல. ஆனா முழுசா உழைச்சவர் வெறும் கையோட நின்னார். கோவிச்சுக்கிட்டு மலைக்கு வந்தவர்கிட்ட "பழம் நீ"ன்னு சொன்னதாலதான் பழநின்னு பெரியவங்க பெயர்க் காரணம் சொல்றாங்க. "இந்தா, வேற பழம்"னு யாரும் கொடுக்கல, கவனிங்க. "நீயே பழம்"னு சொன்னாங்க. அவர் கைக்கு வராத பழத்தால அவர்கிட்ட எதுவும் குறையலைன்னு அர்த்தம்.

அதைத்தான் அந்த மலையில தினமும் நமக்குக் காட்டுறாங்க. காலையில விளா பூஜையில அவர் சந்நியாசி. சாயரட்சையில அவர் ராஜா. நடுவுல வேடன், பாலகன்னு வேற வேற கோலம். கிரீடம் வைக்கும்போது முருகன் கூடுறதும் இல்ல, கழட்டும்போது குறையுறதும் இல்ல. அதே நவபாஷாணத் திருமேனி, அதே தண்டம். அலங்காரம் மட்டும்தான் வேளைக்கு வேளை மாறுது.

சம்பளம், பதவி, அப்ரைசல் ரேட்டிங் எல்லாம் நமக்குச் சாத்தின அலங்காரம். சாத்தும்போது சந்தோஷப்படலாம். கலைக்கும்போது வலிக்கும், அழுதாலும் தப்பில்ல. விவசாயிக்கு நல்ல விலை வேணும், நண்பருக்கு வேலை வேணும். அதை முருகன்கிட்ட உரிமையோட கேளுங்க. ஆனா "என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால நான் ஒண்ணுமே இல்ல"ன்னு மட்டும் நினைக்காதீங்க. அது சந்தை சொன்ன விலை. நீங்க யாருங்கிறது முருகனுக்குத் தெரியும்.

மறுநாள் பழநியில, முதல்ல திருஆவினன்குடியில கும்பிட்டுட்டு மலை ஏறினோம். நண்பர் சாயரட்சைக்குக் காத்திருக்கல. ஆண்டிக் கோலத்துலயே பார்த்தார். ரொம்ப நேரம் கண் கலங்கி நின்னார். வெளியே வந்து, "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர் முன்னாடி நிக்கிறப்ப, எனக்கு வெட்கமே இல்லடா"ன்னார்.

அவருக்கு இன்னும் வேலை கிடைக்கல. தேடிட்டு இருக்கார். ஆனா சொந்தக்காரங்க கேட்டா இப்ப மழுப்புறது இல்ல, "வேலை போயிடுச்சு, தேடுறேன்"னு நேரா சொல்றார்.

வேலை இல்லாம, மார்க் குறைஞ்சு, கல்யாணம் தள்ளிப்போய் இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா ஒண்ணு சொல்றேன். பழநிக்குப் போனா எந்தக் கோலம்னு பயப்படாதீங்க. கதவு திறந்திருக்கிற நேரத்துல போங்க. ஆண்டியா நின்னா, உங்க நிலைமை தெரிஞ்சவர் நிக்கிறார்னு நினைங்க. ராஜாவா நின்னா, கேட்டதைக் கொடுக்கக்கூடியவர்னு நினைங்க. ரெண்டும் ஒரே முருகன்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!