சனி ஞாயிறு யாருக்கு?

நாலேகாலுக்குக் கந்தோர் விடும். மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஓடுவோம். வெள்ளிக்கிழமை மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "அப்ப இனித் திங்கள்தானே, ஆறுதலாய் இருங்கோ" என்று சொல்லிப் பிரிவோம். அது நடக்காத காரியம் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளும் ஒரு உத்தியோகமும் உள்ள பெண்ணுக்குக் கை கால் ஓய்வது திங்கள் காலை கந்தோர்க் கதிரையில் போய் இருக்கும்போதுதான். இதை வெளியே சொன்னால் இவளெல்லாம் ஒரு தாயா என்பார்கள். என்றாலும் உண்மை.

எங்கள் வீடு மானிப்பாயில். இவருக்கு வேலை வவுனியாவில். வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து திங்கள் விடியப்புறம் திரும்புவார். வடக்கில் அரச உத்தியோகம் பார்க்கும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்: ஒருவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மன்னாரிலோ, மற்றவர் பிள்ளைகளோடு ஊரில். ஆகவே குடும்பம் முழுதாய்ச் சேர்வது சனியும் ஞாயிறும்தான். ஆனால் அந்த இரண்டு நாளிலும் நாலு பேரும் ஒன்றாய் வீட்டுக்குள் விழித்திருக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

மூத்தவள் ஐந்தாம் ஆண்டு. சனி காலை புலமைப்பரிசில் வகுப்பு. அது முடியச் சங்கீதம்; வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை வருகிறது. ஞாயிறு காலை அறநெறி, பிறகு மாதிரி வினாத்தாள் வகுப்பு. சின்னவனுக்கு ஆங்கில வகுப்பு, அதுவும் வேறு ஒழுங்கையில், வேறு நேரத்தில். ரியூட்டரி வாசலை ஒரு சனிக்கிழமை பாருங்கள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஸ்கூட்டியும் மோட்டார் சைக்கிளும். ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி தாய்மார், தகப்பன்மார். எல்லோர் கையிலும் போன். உள்ளே தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாத்தியாரின் குரல் மைக்கில் கேட்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் வருவார்கள், ஏறுவார்கள். "என்ன மாக்ஸ்?" என்ற ஒரு கேள்வியோடு வண்டிகள் அடுத்த வகுப்புக்குத் திரும்பும்.

புலமைப்பரிசில் பரீட்சையே ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. 2024இல் செப்டம்பர் 15, 2025இல் ஆகஸ்ட் 10, இரண்டும் ஞாயிறு. கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு ஒட்டிப் பிறந்த திட்டம் அது. கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று கெட்டித்தனத்தால் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றைக்கு ரியூட்டரி வாசலில் நிற்கும் எங்களில் பலருக்கு அந்தப் புலமைப்பரிசில் உதவிப்பணம் தேவையே இல்லை. எங்களுக்கு வேண்டியது பேர்பெற்ற பள்ளிக்கூடத்தில் ஓர் இடம். அதுவும் இல்லையென்றால் சந்தியில் கட்டும் பதாகையில் பிள்ளையின் படமும் புள்ளியும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பிள்ளையோடு இருக்க நேரம் இல்லையே என்ற மனக்குறை வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு எப்போதும் உண்டு. அந்தக் குறையைத் தீர்க்க, உழைத்த காசில் பிள்ளைக்கு நல்ல வகுப்பாய்ப் பார்த்துச் சேர்க்கிறோம். அந்த வகுப்பு வந்து, பிள்ளையோடு இருக்க மிஞ்சியிருந்த இரண்டு நாளையும் எடுத்துக்கொள்கிறது. குறை இன்னும் கூடுகிறது. இன்னொரு வகுப்பில் சேர்க்கிறோம்.

ஞாயிறு ஓய்வு நாள் என்பது கடவுள் எங்களுக்கு எழுதித் தந்ததும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் வந்து தங்கிப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்தார்கள். அவர்களில் ஒருவராய் 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்தார். அவர்களுக்கு ஞாயிறு கர்த்தருடைய நாள். எங்கள் ஆட்களுக்கு வெள்ளிதான் நாள்: வீடு கழுவி, தலைமுழுகி, மச்சம் சமைக்காமல், கோயிலுக்குப் போகும் நாள். ஞாயிறு பள்ளிக்கூடத்தாலும் கந்தோராலும் எங்கள் வீடுகளுக்குள் வந்தது.

வந்த ஞாயிறு ஒருமுறை போயும் இருக்கிறது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை நிறுத்திவிட்டுப் போயா தினத்தையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறை ஆக்கியது. வளர்பிறை தேய்பிறைக் கணக்கில் கிழமை ஓடினால் ஏழு நாளுக்கு அது கட்டுப்படாது. சில கிழமைகள் எட்டு நாளாய் நீளும். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. மாமி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "அடுத்த லீவு எப்ப எண்டு கலண்டரைப் பாத்துத்தான் சொல்லவேணும். ஆனா லீவெண்டா லீவுதான் பிள்ளை. வேலியாலை போனா இருட்டினாப் பிறகுதான் வருவம்" என்பா. "உங்கட அம்மாவுக்கும் லீவோ மாமி?" என்று கேட்டேன். "அவவுக்கு என்னெண்டு லீவு?" என்றா. அதற்குமேல் அந்தக் கதை ஓடவில்லை.

சட்டமும் லீவு தந்துதான் இருக்கிறது. கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் யாழ்ப்பாண நகரத்துப் புடவைக் கடையில் நிற்கும் தாய்க்கு அந்த ஒன்றரை நாள் சனி ஞாயிறாய் வாய்ப்பது அரிது. சனம் வரும் நாளே அதுதான். அவளுக்கு ஓய்வுள்ள நாளில் பிள்ளை பள்ளிக்கூடத்தில். அவளைப் பார்க்க, என் முறைப்பாடு வசதியுள்ளவளின் முறைப்பாடுதான். 2022 ஜூனில், பெட்ரோல் இல்லாத அந்த நாட்களில், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமையையும் லீவாய்த் தந்தார்கள். வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்கள் வளவில் நாலு கத்தரிக் கன்று வந்தது. மிச்ச நேரம் எரிபொருள் வரிசையில் போனது. ஒரு நாள் கூடக் கிடைத்தாலும், அதைப் பிடுங்க ஏதாவது ஒன்று வந்து வாசலில் நிற்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சேருக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை என்று காலையில் செய்தி வந்தது. வீட்டில் தூள் முடிந்து போயிருந்தது. தாச்சியை அடுப்பில் வைத்தேன். மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் வேறுவேறாய் வறுத்து எடுத்து, கடைசியில் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும். மிளகாய் சூடேறியதும் வீடு முழுக்கத் தும்மல். சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டே "அம்மா, நான் கிண்டட்டே?" என்று அகப்பைக்குக் கை நீட்டினான். மல்லி பதம் வந்ததை எப்படி அறிவது என்று மூத்தவள் கேட்டாள். இரண்டு மல்லியை எடுத்து விரலுக்கிடையில் நசித்துக் காட்டினேன். மொறுக்கென்று உடைந்தால் சரி. அதற்குப் பிறகு அவள் மற்றவர்களைத் தாச்சிக்குக் கிட்ட விடவில்லை. இவர் கண் எரிகிறதென்று முற்றத்தில் போய் நின்றார். பிறகு அவளையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். அரைத்த தூள் சுடச்சுட ரின்னுக்குள். அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வரும்போது, வகுப்பில் ஒரு சினேகிதி தன்னோடு கதைக்காமல் விட்ட கதையைச் சொன்னாள். நடந்து ஒரு மாதமாம். எத்தனை வகுப்புக்கு இதே ஸ்கூட்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் வராத கதை. வராதுதான். போகும்போது பிந்திவிட்டது என்று நான் பறப்பேன், வரும்போது புள்ளியைக் கேட்பேன்.

இதைப் படித்துவிட்டு வீட்டுவேலை எல்லாம் பாசம் என்று யாரும் கவிதை எழுத வேண்டாம். உடுப்புத் தோய்ப்பதில் ஒரு பாசமும் இல்லை, அது முதுகுநோவு. அந்த வேலையைப் பங்கு போடாத வீட்டில் சனி ஞாயிறு பற்றி எவ்வளவு பேசியும் பிரயோசனம் இல்லை. கிழமை முழுக்க வெளியூரில் இருந்து களைத்து வரும் மனுஷன், சரிதான். ஆனால் அவருக்குக் களைப்பு ஆற ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவள் எங்கே போய் ஆறுவது? இப்போது சனிக்கிழமை உடுப்பு இவருடைய பொறுப்பு. வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறுகிறது. ஏறட்டும்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்பும் இல்லை என்றும் வீட்டில் முடிவெடுத்தோம். பரீட்சை கிட்டும் நேரத்தில் இது என்ன விசர் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். பிள்ளையின் புள்ளி குறையலாம், குறையாமலும் விடலாம். அதைப் பற்றி நான் சவால் விட வரவில்லை. அந்த அரை நாளில் நாங்கள் பெரிதாய் ஒன்றும் செய்வதும் இல்லை. சில நாள் இவர் நித்திரை. சில நாள் பிள்ளைகள் அடிபடுவார்கள், நான் கத்துவேன். நாலு பேரும் வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

எங்களால் நிறுத்த முடியாது என்று சொல்ல வேண்டாம். சித்திரை வருடப்பிறப்பன்று எங்கள் ஊர் மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். அன்றைக்கு எந்தத் தாயும் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போவதில்லை, அதனால் எந்தப் பிள்ளையும் பரீட்சையில் தோற்றதும் இல்லை. ரியூட்டரி நடத்தும் ஆசிரியர்களே, உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுக்கும் அதற்குக் கீழேயும் ஞாயிறு பின்னேர வகுப்பை விட்டுவிடுங்கள். நீங்கள் விடாவிட்டால் பெற்றோர் நாங்கள் அனுப்பாமல் விடலாம். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் நிறுத்தட்டும் என்று காத்திருக்காமல், இந்த ஞாயிறே தொடங்குங்கள்.