கொடுக்கல் வாங்கலில் பேணுதல்

 

 ஒளுச் செய்யும்போது முழங்கையில் நகத்தளவு இடம் நனையாமல் போய்விட்டால் அந்த ஒளு கூடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பேணுதல் நம்மிடம் இருக்கிறது. நோன்பு திறக்க ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளும் பேணுதலும் இருக்கிறது. ஆனால் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளை விற்கும்போது, பணம் உண்மையிலேயே நம் கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நாள் பொறுக்கும் பேணுதல் மட்டும் நம்மிடம் இல்லை. "அது துன்யா காரியம்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

அது துன்யா காரியம் மட்டுந்தானா? திருமறையிலேயே மிக நீளமான ஆயத்து எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்து. அது கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணைக் கடனை எழுதி வைக்கும்படியும், எழுதுபவர் நீதியாக எழுதும்படியும், சாட்சிகளை வைக்கும்படியும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாமென்றும் அல்லாஹ் அதில் கற்றுத் தருகிறான். வியாபாரம் செய்யும்போது சாட்சி வைக்குமாறும் சொல்கிறான். அல்லாஹ் இத்தனை விரிவாகச் சொன்ன ஒன்றை நாம் அலட்சியம் செய்யலாமா?

ஜாமீன் கேட்பது மரியாதைக் குறைவா?

நம் மக்களிடம் ஒரு கூச்சம் உண்டு. வாங்க வந்தவரிடம் "பணம் சேர்ந்த பிறகு பொருளைத் தருகிறேன்" என்று சொன்னால் அவர் மனம் புண்படுமே என்று எண்ணுகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் கடனாகத் தானியம் வாங்கினார்கள். அதற்குத் தம் போர்க் கவசத்தை அடைமானமாகக் கொடுத்தார்கள். அவர்கள் வஃபாத்தானபோது 30 ஸாவு வாற்கோதுமைக்காக அக்கவசம் அடைமானத்தில் இருந்தது என்று ஸஹீஹான ஹதீஸ் கூறுகிறது. அல்அமீன் என்று எதிரிகளாலும் அழைக்கப்பட்ட அந்த நம்பிக்கையாளர், "என்னிடமா ஈடு கேட்கிறாய்?" என்று வருந்தவில்லை. ஆகவே ஜாமீன் கேட்பதில் அவமதிப்பு எதுவுமில்லை. கேட்டால் கோபிக்கிறவரைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

நான் செய்த தவறு

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தப் பாடத்தை நானே தாமதமாகத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் நடந்தது. சிப்காட் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர், தம் பழைய லேத் இயந்திரத்தை விற்பதற்காகச் செல்பேசி வழியே விளம்பரம் கொடுத்தார். விலை 40,000 ரூபாய். மறுநாளே ஒருவர் பேசினார். பெங்களூருவில் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். நம் ஓசூரில் இது அதிசயமில்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து நாள்தோறும் ஆட்களும் சரக்கும் வந்துபோகின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் இது. அந்த மனிதர் உருதுவில் ஸலாம் சொன்னார். பேச்சுக்குப் பேச்சு "இன்ஷா அல்லாஹ்", "மாஷா அல்லாஹ்" என்றார். இயந்திரத்தை வந்து பார்க்கவுமில்லை. விலையில் ஒரு ரூபாய் குறைக்கவுமில்லை.

இரண்டு நாளில் சகோதரரின் கணக்கில் 65,000 ரூபாய்க்கு ஒரு காசோலை போடப்பட்டது. "கூடுதலாக உள்ள 25,000 லாரிக்காரருக்கு. அவர் வேறு சரக்கும் ஏற்றி வருகிறார். இப்போதே செல்பேசியில் அவருக்கு அனுப்பிவிடுங்கள் பாய், வண்டி கிளம்ப வேண்டும்" என்றார் அந்த ஆள்.

சகோதரருக்கு மனதில் ஏதோ உறுத்தியது. மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், பெங்களூர் பாய் ஒருத்தர் இப்படிச் சொல்றார். அனுப்பலாமா?"

எனக்கு அன்று மக்தப் பிள்ளைகளின் பரீட்சை வேலை. "பேங்கிலிருந்து செய்தி வந்துவிட்டதா?" என்றேன். "வந்துடுச்சு, 65,000-னு இருக்கு" என்றார். "நல்ல பேச்சுப் பேசுகிறாரா?" என்றேன். "தீன்தாரான ஆளாத் தெரியுது" என்றார். "அப்படியானால் தவக்குல் வைத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத் தாளைத் திருத்தப் போய்விட்டேன்.

அவர் அனுப்பினார். லாரி வரவில்லை. மூன்றாம் நாள் காசோலை திரும்பியது. அது கள்ளக் காசோலை. அந்த ஆளின் எண்ணும் அணைந்துவிட்டது. அவனுக்கு இயந்திரம் தேவையே இல்லை. அந்த 25,000 ரூபாய்தான் தேவை. பிறகுதான் அந்த வங்கிச் செய்தியை நான் வாங்கிப் பார்த்தேன். தொகைக்குப் பக்கத்திலேயே, காசோலை தீர்வானால்தான் பணம் சேரும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் எண்ணைப் பார்த்தோம்; எழுத்தைப் படிக்கவில்லை. அவர் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். அவளிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

யாரை அறிந்தவர் என்பது?

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். "உம்மை நான் அறியேன், உம்மை அறிந்தவரை அழைத்து வாரும்" என்றார்கள் கலீஃபா அவர்கள். மற்றொருவர், "இவரை நான் அறிவேன், நல்லவர்" என்றார். உடனே உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். இவருடைய இரவு பகலை அறிந்த அண்டை வீட்டாரா நீர்? இவரோடு பயணம் செய்திருக்கிறீரா? தீனார், திர்ஹம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றார் அவர். அப்படியானால் நீர் இவரை அறியவில்லை என்று கூறிவிட்டார்கள். பள்ளிவாசலில் அவர் தலை குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர் போலும் என்று சொன்னதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

சகோதரர்களே! தலை குனிந்து தொழுவதைக் கண்ணால் பார்ப்பதே போதாது என்றால், காதில் கேட்ட ஸலாம் எப்படிப் போதும்? ஸலாத்துக்குப் பதில் சொல்வது நம் மீது கடமை. ஆனால் ஸலாம் ஜாமீன் ஆகாது. தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது ஆயத்து கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் செய்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. "பணம் போட்டுவிட்டேன்" என்பதும் ஒரு செய்திதான். முகம் தெரியாதவன் கொண்டுவரும் செய்தி.

நான் சொன்ன தவக்குலும் தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கட்டாமலேயே விட்டுவிடச் சொன்னேன்.

கைவசமாகாத வரை பணமில்லை

நம் ஃபிக்ஹு நூல்களில் "கப்ளு" என்றொரு சட்டம் உண்டு. கைவசமாதல் என்பது அதன் பொருள். கைவசமாகாத தானியத்தை விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மர்வான் மதீனாவின் ஆட்சியாளராக இருந்தபோது, ஜார் துறைமுகத்தில் தானியம் பெற்றுக்கொள்வதற்கான சீட்டுகள் மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. அச்சீட்டுக்கு அரபியில் "ஸக்" என்று பெயர். மக்கள் தானியத்தைக் கையில் வாங்குமுன்பே சீட்டுகளை ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு ஸஹாபியும் மர்வானிடம் சென்று கண்டித்தார்கள். உடனே அவர் காவலர்களை அனுப்பி அச்சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் சேர்ப்பித்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இருக்கிறது.

சீட்டு வேறு, சரக்கு வேறு என்று அன்றே அந்தப் பெருமக்கள் கண்டித்து உணர்த்திவிட்டார்கள். இன்றைய காசோலையும் ஒரு சீட்டுத்தான். நம் வங்கியில் அதைப் போட்டால், அதன் படம் மட்டும் காசோலை கொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. அங்கே கையெழுத்தும் இருப்பும் சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் வரும். முன்பு ஓரிரு நாட்கள் பிடித்தன. 2025 அக்டோபர் 4 முதல், காலையில் போடும் காசோலையை அன்றே தீர்க்கும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. எனினும், தீர்வானது என்று உங்கள் வங்கியே சொல்லும் வரை அது பணமன்று. விலையைவிடக் கூடுதலாகக் காசோலை தந்து மீதியைத் திருப்பிக் கேட்டால், அந்தக் காசோலையே வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள். அறிமுகமில்லாதவரிடம் காசோலை வாங்காமலே இருப்பது இன்னும் பேணுதல்.

செல்பேசிப் பணத்திலும் இதே சட்டந்தான். பணம் அனுப்புவதற்கே ரகசிய எண் தேவை. பணம் பெறுவதற்கு எந்த எண்ணும் தேவையில்லை. "பணம் வர இந்தக் கட்டப்படத்தை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் உங்கள் பணத்தை எடுக்கத்தான் சொல்கிறான். "அனுப்பிவிட்டேன்" என்று அவன் காட்டும் படத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், அவசரம் என்று அடையாள அட்டையை அனுப்புகிறவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். அவசரப்படுத்துவது மோசக்காரனின் அடையாளம்.

ஏமாந்தவர் ஏமாற்றலாமா?

அந்தச் சகோதரர் ஒரு மாதம் கழித்து மீண்டும் என்னிடம் வந்தார். இயந்திரத்துக்கு வேறொருவர் விலை பேசியிருந்தார். அதில் ஒரு பல்சக்கரம் பழுது. "நான் 25,000 இழந்தவன் ஹஜ்ரத். இதையும் சொல்லித்தான் விற்கணுமா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் சொல்லைக் கேட்டு நஷ்டப்பட்டவர் அவர். ஆனாலும் மஸ்அலா மஸ்அலாதான்.

மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று அறிவித்தார்கள். மழை அந்த மனிதரின் குற்றமன்று; மறைத்ததே குற்றம். அதுபோல நம் நஷ்டம் நம் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். அதை அடுத்தவர் தலையில் மறைத்துக் கட்டினால் அது நம் குற்றமாகிவிடும். அந்தச் சகோதரர் பழுதைச் சொல்லியே 33,000 ரூபாய்க்கு விற்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக!

பிள்ளைகளைப் பெற்றோரே, கேளுங்கள்!

2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களில் சோதனையிட்டு, இத்தகைய மோசடிகளில் ஈடுபட்டதாகப் பலரைப் பிடித்தனர். இந்தத் தொழிலை ஒருவன் தனியாகச் செய்ய முடியாது. திருடிய பணம் வந்து விழுவதற்கு யாராவது ஒருவரின் வங்கிக் கணக்கு வேண்டும். "உன் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று வேலை தேடும் இளைஞர்களிடம் கேட்கிறார்கள். "நான் யாரையும் ஏமாற்றவில்லையே" என்று பிள்ளை சொல்வான். பாவத்திலும் அத்துமீறலிலும் உதவாதீர்கள் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. அந்தக் கூலி ஹராம். கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரும். தவ்பாச் செய்தாலும், பறிபோன பணம் உரியவருக்குச் சேராமல் அடியார் உரிமை தீராது. பிள்ளையின் கையில் புதுச் செல்பேசியைக் கண்டால், பணம் எங்கிருந்து வந்தது என்று தாய்மார்களே கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் அழைத்துப் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாற்றியவன் கர்நாடகத்தில் இருக்கிறான், இங்கே புகார் எடுப்பார்களா என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். தெரிந்த ஒருவர் தந்த உண்மையான காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி அறிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 15 நாட்களில் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

அந்த மஃரிபுக்குப் பின் நான் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அந்தச் சகோதரரின் 25,000 ரூபாய் தப்பியிருக்கும். அன்று முதல் யார் வந்து இப்படிக் கேட்டாலும், "முதலில் அந்தச் செய்தியைக் காட்டுங்கள்" என்கிறேன். எனக்குப் புரியாவிட்டால் புரிந்தவரிடம் அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலில் இப்படி விசாரித்துச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். முஃமின் ஒரே பொந்தில் இருமுறை தீண்டப்படமாட்டார் என்பது நபிமொழி. ஒருவர் தீண்டப்பட்டதை எல்லோருக்கும் சொன்னால், மற்றவர்கள் ஒருமுறையும் தீண்டப்படாமல் தப்பலாம்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! ஏமாறுவதை விட்டும் ஏமாற்றுவதை விட்டும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.