கேட்டுவிட்டுச் செய்த ஆண்டவர்



மாற்கு 10-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குருடனாகிய பர்திமேயு வழியருகே உட்கார்ந்து கூப்பிடுகிறான். அவனுக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். சர்வத்தையும் அறிந்த ஆண்டவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் நின்று, அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடத்திலேயே கேட்கிறார். ஜனங்கள் அதட்டி அடக்கின ஆளை நம்ம ஆண்டவர் மனுஷனாக மதிக்கிறார்.

2020-ல் கொரோனா வந்தபோது கேரளாவில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்ததைக் கேளுங்கள். 93 வயது தாத்தா, 88 வயது பாட்டி, இருவருக்கும் கொரோனா. முதலில் தனித்தனி அறையில் வைத்தார்கள். மருந்து கிடைத்தது, ஆனால் இருவரும் மனம் சோர்ந்துபோனார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்க்கும்படியான அறைகளுக்கு மாற்றினார்கள். சாப்பிட மாட்டோம், வீட்டுக்குப் போகணும் என்று அவர்கள் அடம்பிடித்தபோதும் நர்சுகள் பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு சகோதரிக்கே கொரோனா தொற்றி, பிறகு குணமானது. ஏப்ரல் 3-ம் தேதி தாத்தாவும் பாட்டியும் சுகமாய் வீடு திரும்பினார்கள். அல்லேலூயா!

அதே வருஷம் கனடா தேசத்தில், முதல் அலையில் கொரோனாவால் மரித்தவர்களில் 100-க்குச் சுமார் 80 பேர் முதியோர் இல்லங்களைச் சார்ந்தவர்கள். தொற்றுக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். ஞாபகம் மங்கின தாய்க்கு, மகள் ஏன் வரவில்லை என்று எப்படி விளங்கும்? காது மந்தமானவருக்கு, முகக்கவசத்துக்குள் பேசுகிறது எப்படிப் புரியும்?

தேவ ஜனமே, நம்ம தருமபுரி ஜில்லாவிலும் பிள்ளைகள் பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோரில் சிலர் வீட்டிலே தனியாக, சிலர் இல்லத்திலே. அவர்களுக்குப் பழமும் ரொட்டியும் கொண்டுபோவது நல்லதுதான். அதோடு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிரியம்? களியா, சோறா? எந்தக் காது நன்றாய்க் கேட்கும்? யாரிடம் போனில் பேச ஆசை? கேட்டதை ஒரு தாளில் எழுதி, பராமரிக்கிறவர்களிடம் கொடுங்கள். இன்னொரு கொள்ளைநோய் வந்து கதவு அடைபட்டால், நீங்கள் போக முடியாத இடத்தில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் என்று யோவான் 10-ல் வாசிக்கிறோம். கட்டில் நம்பரால் அல்ல! இந்த ஊழியத்தைச் செய்ய கர்த்தர் தாமே உங்களுக்குக் கிருபை தருவாராக. ஆமென்.