சந்திர கிரகணமும் நம் இல்லங்களும்

 

 2023 அக்டோபர் 28 சனிக்கிழமை இரவு, புதுச்சத்திரத்தைச் சேர்ந்த நாம் ஒரு காரியமாகச் சேலம் நகருக்குச் சென்று உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அன்று நள்ளிரவுக்குப் பின் பகுதிச் சந்திர கிரகணம். கிரகணத்தைக் கண்டு அஞ்சும் வழக்கமெல்லாம் நம்மைப் போன்ற ஊர்நாட்டாரிடம்தான் மிச்சமிருக்கும், நகரத்துப் படித்த குடும்பங்களில் இராது என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பொய்த்தது.

அவ்வீட்டு மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. மஃரிபுக்குப் பிறகு அப்பெண் எதுவும் உண்ணவில்லை. அறையின் சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. கத்தி, அரிவாள்மனை எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டன. "தண்ணீர்கூட கிரகணம் விட்டபிறகுதான்" என்று வீட்டுப் பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டோம். தம் மூத்த மகளைக் காட்டி, "இவள் பிள்ளைக்கு உதடு பிளந்து பிறந்ததே, ஏன்? கிரகண நேரத்தில் காய் நறுக்கினாள்" என்றார்கள். அந்தப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே அறுவை சிகிச்சை நடந்து, இன்று கல்லூரியில் படிக்கிறான். தழும்பு மங்கிவிட்டது. ஆனால் தாயின் மீது சுமத்திய பழி மட்டும் மங்கவில்லை. அந்த அம்மையார் தலைகுனிந்து நின்றார்.

இவ்விடத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அன்னை மாரியா (ரலி) அவர்கள் ஈன்ற அருமை மகனார் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே வபாத்தானார். அதே நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணக்கர்கள் அதனைக் கி.பி. 632 ஜனவரி 27 எனக் குறிக்கின்றனர். நாயகத்தின் மகன் இறந்ததால்தான் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த தந்தை அந்த வேளையில் மௌனமாக இருந்திருந்தால், அப்பேச்சு மார்க்கமாகவே நிலைத்திருக்கும். ஆனால் அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அதைக் கண்டால் தொழுது துஆச் செய்ய வேண்டும் என்றும் அறிவித்தார்கள்.

தம் சொந்த மகனின் மரணத்தோடு கிரகணத்தை முடிச்சுப் போட அவர்கள் சம்மதிக்கவில்லை. அப்படியிருக்க, ஓர் ஏழைத் தாயின் பிள்ளையுடைய உதட்டோடு அதை முடிச்சுப் போட நமக்கு யார் உரிமை தந்தது? உதடு சேரும் வேலை கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பரம்பரைக் கூறும் வேறு பல காரணங்களும் சேர்ந்தே அக்குறை ஏற்படுகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். பூமியின் நிழல் சந்திரன் மீது விழுவதற்கும் அரிவாள்மனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆதாரமின்றி ஒரு பெண்மீது பழி சுமத்துவதோ பெரும் பாவம்.

கிரகணம் கணக்கிற்கு உட்பட்டது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கி.பி. 997இல் அல்பிரூனி குவாரிஸ்மிலும், அபுல் வஃபா பக்தாதிலும் இருந்துகொண்டு ஒரே சந்திர கிரகணத்தைக் கவனித்து, இரு நகரங்களின் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள்.

"முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்குத் தொழுகை எதற்கு?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். சூரியன் உதிக்கும் நேரமும் நாள்காட்டியில் அச்சாகித்தான் வருகிறது. அதற்காக ஃபஜ்ரை விட்டுவிடுகிறோமா? நேரம் தெரிந்திருப்பது தொழுகைக்கு ஆயத்தமாவதற்கே உதவ வேண்டும்.

தொழும் முறையும் எளிது. பாங்கு, இகாமத் கிடையாது. ஹனஃபி மத்ஹபினர் சந்திர கிரகணத்திற்கு வீட்டிலேயே தனித்தனியாக இரண்டு ரக்அத் தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலை, இரண்டு ருகூஃ வைத்து ஜமாஅத்தாகத் தொழுவர். துஆவும், பாவமன்னிப்புக் கோருதலும், தான தருமமும் அவ்வேளையின் அமல்கள். பெண்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். நாயகத்தின் காலத்துக் கிரகணத் தொழுகையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அவர்களுடைய சகோதரி அஸ்மா (ரலி) அவர்களும் நின்று தொழுதிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அன்றிரவு அவ்வீட்டாரிடம் எடுத்துச் சொன்னோம். பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாமே எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சி மருமகளுக்குக் கொடுத்தார்கள்.

ஒரு மணி ஐந்து நிமிடத்திற்குக் கிரகணம் தொடங்கியது. அனைவரும் மொட்டைமாடிக்குச் சென்றோம். நகரத்துத் தெருவிளக்குகள் நட்சத்திரங்களை மறைத்திருந்தனவே தவிர, முழுநிலவை மறைக்க அவற்றால் இயலவில்லை. மேகம் விலகியபோது, உச்சியிலிருந்து மேற்கே, நாம் கிப்லாவை நோக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிலவு நின்றது. ஒன்றே முக்கால் மணி அளவில் அதன் குறுக்களவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, தென் விளிம்பில் கறுத்திருந்தது. சூரிய கிரகணத்தைப் போலன்றி, இதை வெறுங்கண்ணால் பார்ப்பதால் கண்ணுக்குக் கெடுதியில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் பார்த்தார். பார்த்தபின் அவரவர் தொழுதோம். பழி சுமந்திருந்த அந்த அம்மையார் எல்லோருக்கும் முன்பாக ஒளுச் செய்து, முஸல்லாவை விரித்திருந்தார். இரண்டரை மணிக்கு முன்பாகவே நிலவு முழுமையாக வெளிச்சமாகிவிட்டது. அவருடைய ஸஜ்தாவோ அதன் பிறகும் நீண்டது.

சகோதரிகளே! மார்க்கம் நீக்கிய அச்சத்தை நாம் வீட்டுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். மார்க்கம் தந்த தொழுகையையோ மறந்துவிட்டோம். அடுத்த கிரகணம் வரும்போது பரணில் ஏற்ற வேண்டியது அரிவாள்மனையை அல்ல. விரிக்க வேண்டியது முஸல்லாவை. இதுவரை உங்கள் வீட்டில் எவர்மீதாவது இத்தகைய பழி இருந்தால், அடுத்த கிரகணம்வரை காத்திராமல் இன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நேரிய அறிவையும் நல்ல அமல்களையும் தந்தருள்வானாக! ஆமீன்.