நீலப் புள்ளி

வரைபடத்தில் நானே போட்டு வைத்திருந்த ஒரு நீலப் புள்ளியை அழிப்பதா வேண்டாமா என்று போன வாரம் இரண்டு இரவுகள் யோசித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் புள்ளி ஒரு பாட்டியின் வீடு.

நான் இருப்பது கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ரெஜைனா நகரில். ஊரைத் தாண்டினால் ஒருகாலத்தில் புல்வெளியாக இருந்த சமவெளி. இன்று முழுக்க வயல். ஜூலையில் கனோலா மஞ்சளாகப் பூத்திருக்கும். பக்கத்து வயலில் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் மசூர் பருப்பு. நில அளவையாளர்கள் இந்தச் சமவெளியை மைலுக்கு மைல் சதுரமாக வெட்டி, வடக்கு தெற்காக மைலுக்கு ஒரு சாலைக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒரு சாலைக்கும் இடம் விட்டார்கள். 'கிரிட் ரோடு' என்பார்கள். பெரும்பாலும் சரளைதான். கட்டம் போட்ட தாளில் கோடு இழுக்கிற மாதிரி சைக்கிள் பயணத்தைத் திட்டமிடலாம்.

என் வட்டம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ரெஜைனாவிலிருந்து தென்மேற்கே ரூலோ, ரயில் பாதையை ஒட்டி வில்காக்ஸ், மைல்ஸ்டோன், பிறகு கிழக்கே விலகி கிரிட் ரோடுகளில் வடக்கு நோக்கி வீடு. குதிரை வண்டியில் கோதுமையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு விவசாயி அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பதால், அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷனும் தானியக் கிடங்கும் எழுந்தன. 1930களில் இந்தச் சமவெளி மாகாணங்களில் 5,000-க்கும் மேற்பட்ட கிடங்குகள் இருந்தன. இன்று சில நூறுதான். பல இடங்களில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது, கடை இல்லை.

நான் போட்ட வழியில் கடைசி 65 கிலோமீட்டரில் கடையே கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் இரண்டரை மணி நேரம். வடமேற்குக் காற்று முகத்தில் அடித்தால் வேகம் 14-க்கு இறங்கிவிடும். நாலரை மணி நேரத்துக்கும் மேல். என் இரண்டு பாட்டில்களில் ஒன்றரை லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டர் குடிப்பவனுக்கு அது இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

போன வருடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். தூரத்தில் ஒரு மரக்கூட்டம் தெரிந்தது. இந்தப் பக்கம் வரிசையாக மரம் தெரிந்தால், காற்றைத் தடுக்க யாரோ நட்டது, உள்ளே வீடு இருக்கும் என்று அர்த்தம். கதவைத் தட்டினேன். ஒரு பாட்டி. எதுவும் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கி, ஐஸ் போட்டு நிரப்பித் தந்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்: கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு விளங்காது, குடிதண்ணீரை டாங்கில் ஏற்றி ஊரிலிருந்து கொண்டு வருகிறோம் என்று.

அன்றிரவு வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் நீலப் புள்ளி வைத்தேன். நீலம் என்றால் தண்ணீர்.

இப்போது எங்கள் சைக்கிள் குழுவில் பன்னிரண்டு பேர் அந்த வழியைக் கேட்கிறார்கள். புள்ளியை எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று மதுரைக்கார நண்பனிடம் கேட்டேன்.

"ஏன்டா மறைக்கிற? ஒருத்தன் மயங்கி விழுந்தா யார் பொறுப்பு? நம்ம ஊர் தண்ணீர்ப் பந்தல்ல பர்மிஷன் கேட்டா குடிச்சோம்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அந்த இரண்டு இரவுகளும் போயின.

பந்தல் என்பது ஒரு அறிவிப்பு. பானையை வைத்தவர், வருகிறவர்கள் வரட்டும் என்று முன்பே முடிவெடுத்துவிட்டார். பாட்டி திறந்தது ஒரு கதவு. அதுவும் ஒரு மனிதனுக்கு, ஒரு மத்தியானத்துக்கு. அதை நான் பந்தலாக்கிவிட்டேன், அவரைக் கேட்காமலே.

எங்கள் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அவர் முகம்கூடத் தெரியாதவர்களின் மென்பொருள்களெல்லாம் அதை நம்பி நின்றன, நின்றவை விழுந்தன. சில மணி நேரத்தில் அவர் எடுத்ததை அதே இடத்தில் மறுபடி வைத்துவிட்டார்கள். இலவசமாகக் கொடுத்தவருக்கு, கொடுப்பதை நிறுத்தும் வசதி இல்லாமல் போயிற்று.

சிக்கல் உதவி கேட்பதில் இல்லை. தவித்துப் போய் நிற்கிறவன் தட்டலாம், தட்டத்தான் வேண்டும். ஆனால் 'அங்கே கிடைக்கும்' என்று கணக்குப் போட்டு, காலி பாட்டிலோடு ஒருவர் வாசலில் போய் நிற்பது வேறு. அந்த நிலையில் அவரால் 'இல்லை' என்று சொல்ல முடியாது. சொன்னால் ஒருவன் வெயிலில் விழுவான். என் திட்டம் அவருடைய மறுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டுதான் அவர் இரக்கத்தை வாங்குகிறது. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதற்குப் பெயர் இரக்கமா?

நண்பன் விடவில்லை. "அடுத்தவங்ககிட்ட கை நீட்டப் பிடிக்கல, அதுக்கு ஒரு தத்துவம் சொல்ற." அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அவர் போட்ட ரோட்டில்தான், அவர் வரியில்தான் நான் ஓட்டுகிறேன். யாரையும் சாராத பயணம் என்று ஒன்று கிடையாது.

புள்ளியை அழித்துவிட்டேன். குழுவுக்கு அனுப்பிய கோப்பில் இப்படி எழுதினேன்: "மைல்ஸ்டோனில் நான்கு லிட்டர் நிரப்பிக்கொள்ளவும். அதன்பின் தண்ணீர் இல்லை. முடியாமல் போனால் மரக்கூட்டம் தெரிகிற எந்த வீட்டையும் தட்டலாம்." இரண்டரை கிலோ கூடுதல் சுமை. எதிர்காற்றில் அது தெரியும்.

அடுத்த மாதம் அந்த வழியாகப் போகும்போது நானும் அந்தக் கதவைத் தட்டுவேன். பாட்டிலில் தண்ணீர் இருக்கும்.