பொதுச்சுவர்

எரிந்த வீட்டை என்ன செய்வது? 'என் இடம், என் காசு, இடிச்சுட்டுக் கட்டுறேன்' என்கிறீர்களா? கோவை ராஜ வீதிப் பக்கத்துச் சந்துகளில் அது அத்தனை சுலபமில்லைங்க. ஒட்டு வீடுகள். உங்கள் உத்தரம் உட்கார்ந்திருக்கும் சுவரில்தான் பக்கத்து வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கும்.

எரிந்தால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. சென்னை சேப்பாக்கத்தில் 1768-ல் எழும்பிய அரண்மனையின் கலச மஹால், 2012 ஜனவரியில் எரிந்தது. கூரை போனது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரும் போனது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. கடைசியில் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதில் குடியேறியது.

சர்க்காரிடம் காசு இருக்கிறது, நமக்கு? நியாயமான கேள்விதான். ஏ.சி. வையுங்கள். பாத்ரூமை உள்ளேயே கட்டுங்கள். பழமையைக் காப்பாற்ற வயதான அம்மாவை ராத்திரியில் கொல்லைப்புறம் அனுப்புவது அக்கிரமம். ஆனால் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால், ஈரம் உங்கள் பக்கம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பக்கம் போகும். உங்கள் ஹால் பளபளக்கும், அவர்கள் வீட்டுக் காரை உதிரும். பத்திரத்தில் அதற்கு ஷரத்து கிடையாது.

கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.