இரு முனையும் தெரிந்த வினை

திருவனந்தபுரத்து ஆரியசாலைக்குப் பக்கத்திலேயே வலியசாலையும் அதன் காந்தளூர் மகாதேவர் கோயிலும் இருப்பதால், செப்பேடுகளும் மெய்க்கீர்த்திகளும் பேசும் பழைய கல்விநிலையமான காந்தளூர்ச் சாலை இப்பகுதியில்தான் இருந்தது என்று கருதும் ஆய்வாளர் பலர். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூர் முறையைப் பின்பற்றி 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்தபோது, அங்கே சேர்வோர் இலக்கணத்தோடு, வேதம் விதிக்கும் செயல்களை ஆராயும் மீமாம்சையும் அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தான். அந்த மீமாம்சையார் விடாமல் பற்றிய ஒரு கேள்வி, உட்செவி நோய்களுக்கு வைரஸ்தான் காரணமா என்னும் இக்கால ஐயத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேள்வி இன்றோடு முடிந்துவிட, அதன் பயனாகிய சொர்க்கம் செய்தவன் இறந்த பிறகே கிட்டும் என்றால், இடைப்பட்ட காலத்தில் காரணம் எங்கே தங்கியிருந்தது என்பதே அக்கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடை 'அபூர்வம்', அதாவது முன்பு இல்லாமல் செயலால் புதிதாகத் தோன்றி, பயன் விளையும்வரை புலப்படாமல் நிற்கும் ஆற்றல். இதை நிறுவ உதவிய அளவை, அதாவது அறியும் வழி, அருத்தாபத்தி. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்தே இருக்கிறான் என்றால், வேறு வழியில் அது பொருந்தாதாகையால், இரவில் உண்கிறான் என்று கொள்வது அது. மணிமேகலையும் அளவைகளை எண்ணுமிடத்தில் இதைச் சேர்த்துச் சொல்கிறது.

சின்னம்மை கண்ட வீட்டில் அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பி வைப்பார்கள். அம்மன் போனாலும் வைரஸ் போவதில்லை. அது நரம்பு முடிச்சுகளுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும் வயதில் அக்கியாக எழுகிறது. குயவர் காவிமண் குழைத்து எழுதி ஆற்ற முயன்ற அதே அக்கி, முகநரம்பின் முடிச்சில் எழும்போது, காதுமடலின் குழிவில் அரிசிமணி அளவு நீர்க்கொப்புளங்கள் தோன்றும், முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்து இமை மூடாமல் நிற்கும், ஒட்டிச் செல்லும் எட்டாம் நரம்பும் தாக்குண்டால் செவி மந்தமாகித் தலை கிறுகிறுக்கும். 1907இல் ராம்சே ஹன்ட் விவரித்த இந்நோயில் கொப்புள நீரிலேயே வைரஸைக் கண்டுபிடிக்கலாம். சிறுவயது அம்மை ஒரு முனை, முதுமையின் செவி நோய் மறுமுனை, நடுவில் உறக்கம். மீமாம்சையார் கேட்ட கட்டமைப்பு இங்கே முழுமையாக இருக்கிறது.

சமநிலை நரம்பு அழற்சியில் அப்படி இல்லை. கேட்கும் திறன் கெடாமல், நாட்கணக்கில் அறையே சுழல, கண்மணிகள் ஒரு பக்கம் மெல்ல நழுவிச் சட்டென்று மறுபக்கம் வெட்டித் திரும்பும் இந்நோய்க்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் காரணமாகலாம் என்பர். உட்செவி மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருப்பதால் உயிரோடிருப்பவரிடம் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வழியில்லை. இறந்தோரின் சமநிலை நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் மரபுப்பொருள் கிடைத்ததுண்டு, ஆனால் வாழ்நாளில் கிறுகிறுப்பே அறியாதவர்களிடமும் கிடைத்தது. 141 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஜெர்மானியச் சோதனையில் ஸ்டீராய்டு பயன் தந்தது, வைரஸ் எதிர்ப்பு மருந்தோ பயன் தரவில்லை. தேவதத்தன் இரவில் உண்கிறான் என்று சொல்ல, பகலில் உண்ணவில்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும்.

இதே குறை, செவிப்புலனின்றிப் பிறந்த குழந்தையைக் காட்டித் தாயின் முற்பிறவிப் பாவத்தைப் பேசும் வாயிலும் உண்டு. அபூர்வம் என்பது, வேதம் விதித்த செயலிலிருந்து பயனை நோக்கிச் செல்வது. துன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு செயலைப் பின்னோக்கிக் கற்பிக்க அது யாருக்கும் உரிமை தரவில்லை. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்த ருபெல்லாவே குழந்தையின் செவியைக் கெடுக்கப் போதும் என்பது எட்டுப் பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. சைட்டோமெகலோ வைரஸோ பெரும்பாலும் தாய்க்குக் காய்ச்சல்கூடக் காட்டாமல் கருவை அடைந்துவிடும். அதைக் கண்டறியக் குழந்தை பிறந்த மூன்று வாரங்களுக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பின் வைரஸ் கிடைத்தாலும், கருவிலேயே வந்ததா, தாய்ப்பாலோடு வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது.